உங்கள் வயலில் எத்தனை மில்லிமீட்டர்?

2023 பிப்ரவரி 2. தை மாதம் 19ஆம் நாள். பொங்கல் வைத்து மூன்று வாரம்கூட ஆகவில்லை. திருவாரூர் மாவட்டத்தில் எங்கள் ஊரில் விடியற்காலை நாலு மணிக்கு ஓட்டின் மேல் மழைச் சத்தம். டார்ச்சை எடுத்துக்கொண்டு வயலுக்கு ஓடினேன். மூன்று ஏக்கர் தூயமல்லி அறுவடைக்கு நின்றது. போய்ப் பார்த்தபோது பாதி படுத்துவிட்டது. மறுநாள் மீதியும் படுத்தது. நாலாவது நாள் தண்ணீரில் கிடந்த கதிரைக் கையில் எடுத்தால் மணிக்கு மணி வெள்ளையாய் முளை. நெல்லுக்குள் ஒரு வாரம் முன்னால் தெளித்த உளுந்து அழுகி நாறியது. ஒரே மழையில் இரண்டு வெள்ளாமை போனது.

இதில் யாரையும் குறை சொல்ல முடியாது. அறிவிப்பு வந்தது. வங்கக்கடலில் காற்றழுத்தத் தாழ்வு மண்டலம், டெல்டா மாவட்டங்களில் ஓரிரு இடங்களில் கனமழை என்று வானொலியில் கேட்டேன். "ஓரிரு இடம்தானே, நம்ம பக்கம் வராது" என்று நானே முடிவு பண்ணிக்கொண்டேன். அறுவடை வண்டிக்காரர் அதற்கு நாலு நாள் முன்னால் வரப்பில் வந்து நின்று, "அறுத்துடலாமா?" என்று கேட்டார். "இன்னும் நாலு நாள் காயட்டும். ஈரம் 17க்குக் கீழ வந்தாத்தான் கொள்முதல்ல எடுப்பாங்க" என்று அனுப்பிவிட்டேன். அந்தத் தாழ்வு மண்டலம் இலங்கைக் கரையைக் கடந்தது, மழையை நமக்குத் தந்துவிட்டுப் போனது.

அரசு எக்டேருக்கு 20,000 ரூபாய் நிவாரணம் அறிவித்தது. ஏக்கருக்குக் கணக்குப் போட்டால் எட்டாயிரம் ரூபாய் சொச்சம். நடவுக் கூலிக்குக் காணுமா, களைக்குக் காணுமா என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

அந்த வாரம் எங்கள் ஊர்ப் பெரியவர் ஒருவர் வந்தார். நான் பெரியப்பா என்று கூப்பிடுவேன். சாய்ந்த வயலைப் பார்த்துவிட்டு அவர் சொன்னது இன்றைக்கும் காதில் நிற்கிறது. "எவ்வளவு பேஞ்சுச்சுன்னுதான் எல்லாரும் கேக்குறான் தம்பி. எப்ப பேஞ்சுச்சு, எத்தனை நாளா பேஞ்சுச்சு, அதை ஒருத்தனும் கேக்கல." அவர் நாள்காட்டித் தாளின் பின்பக்கத்தில் வருடக்கணக்காக மழையைக் குறித்து வைத்திருக்கிறவர்.

இந்தக் கட்டுரை அவர் சொன்ன அந்த ஒரு பேச்சைப் பற்றியதுதான்.

இயல்பான ஆண்டு, இரண்டு பேரிடர்

மேலே சொன்ன அதே சம்பாப் பட்டத்தின் தொடக்கத்துக்குப் போவோம். 2022 நவம்பர் 12 காலை 8.30 மணியோடு முடிந்த 24 மணி நேரத்தில் சீர்காழியில் 44 செ.மீ. மழை கொட்டியது. பக்கத்துக் கொள்ளிடத்தில் 32 செ.மீ. அக்டோபர் முதல் டிசம்பர் வரை மூன்று மாதத்தில் தமிழ்நாட்டுக்குச் சராசரியாகக் கிடைக்க வேண்டிய வடகிழக்குப் பருவமழையே ஏறக்குறைய 44 செ.மீ.தான். அந்த மூன்று மாத மழை சீர்காழியில் ஒரே நாளில் விழுந்தது. என் அக்கா வீடு அந்தப் பக்கம். நட்டு வேர் பிடித்து, தூர் கட்டத் தொடங்கிய பயிர் ஒரு வாரம் தண்ணீருக்குள் கிடந்தது. "பச்சையே கண்ணுல படல, கடலா இருக்குடா" என்று அக்கா போனில் அழுதது.

நவம்பரில் முழுகல், பிப்ரவரியில் சாய்தல். ஒரே பட்டத்தில் தலையிலும் அடி, காலிலும் அடி. ஆனால் அந்த ஆண்டு வடகிழக்குப் பருவமழைக்கு மாநில அளவில் கிடைத்த பெயர் என்ன தெரியுமா? இயல்பு!

இது பொய்க் கணக்கு இல்லை. இந்திய வானிலை ஆய்வுத் துறையின் கணக்கில் சராசரியைவிட 19 விழுக்காடு கூடினாலும் 19 விழுக்காடு குறைந்தாலும் இயல்பு என்றுதான் பெயர். 20 முதல் 59 வரை குறைந்தால் பற்றாக்குறை, 60க்கு மேல் குறைந்தால் கடும் பற்றாக்குறை. அந்தக் கடைசி வகையை நாம் 2016இல் பார்த்தோம். அந்த வடகிழக்குப் பருவத்தில் மாநிலத்துக்குக் கிடைத்தது 168 மி.மீ.தான், சராசரியைவிட 62 விழுக்காடு குறைவு. 2017 ஜனவரியில் எல்லா மாவட்டங்களும் வறட்சி மாவட்டங்கள் என்று அறிவிக்க வேண்டி வந்தது. அப்படிப்பட்ட ஆண்டைச் சராசரியே காட்டிக் கொடுத்துவிடும். மற்ற ஆண்டுகளில் சராசரி ஒன்றும் சொல்லாது. 2023லும் இதே கதை. மாநிலக் கணக்கு இயல்பை ஒட்டி முடிந்தது. காயல்பட்டினத்தில் மட்டும் டிசம்பர் 18 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் 95 செ.மீ. பெய்தது. தாமிரபரணிக் கரை வாழையும் நெல்லும் என்ன ஆயின என்று அந்தப் பக்கத்து நண்பர்களைக் கேளுங்கள்.

காரணமும் தெரிந்ததுதான். காற்று ஒரு டிகிரி சூடேறினால் சுமார் 7 விழுக்காடு கூடுதலாக நீராவியைச் சுமக்கும். கடலும் சூடாகிறது. பத்து நாளில் பெய்ய வேண்டியதைச் சேர்த்து வைத்து இரண்டு நாளில் இறக்கிவிடுகிறது. ஐப்பசி அடைமழை, கார்த்திகை கனமழை என்று நம் முன்னோர் போட்ட வரிசையும் கலைகிறது. 2021இல் வடகிழக்குப் பருவமழை விலகியது ஜனவரி 19. 2025இல் ஜனவரி 27. அந்த நாட்களில் டெல்டாவில் கதிர் முற்றி நிற்கும்.

அறிவிப்பைப் படிக்கக் கற்போம்

என்னை ஏமாற்றியது "ஓரிரு இடங்களில்" என்ற இரண்டு சொல். அதற்கு வானிலைத் துறையில் ஓர் அளவு இருக்கிறது. ஒரு வட்டாரத்தில் உள்ள மழைமானிகளில் கால்வாசி வரை மழை பதிவாகும் என்றால் ஓரிரு இடங்கள். கால் முதல் அரை வரை என்றால் ஒருசில இடங்கள். அரை முதல் முக்கால் வரை அநேக இடங்கள். அதற்கு மேல் பெரும்பாலான இடங்கள். ஆக, "ஓரிரு இடங்களில் கனமழை" என்றால் மழை சின்னது என்று அர்த்தமில்லை. பெய்கிற இடத்தில் கனமாகத்தான் பெய்யும். அந்த இடம் நம் வயலாகவும் இருக்கலாம். நாலில் ஒரு பங்கு வரை வாய்ப்பு இருக்கும்போது, அறுக்க நிற்கிற நெல்லைப் பந்தயம் வைக்கலாமா?

அடுத்தது மழையின் பெயர்கள். 24 மணி நேரத்தில் 15.5 மி.மீ. வரை லேசான மழை. 15.6 முதல் 64.4 வரை மிதமான மழை. 64.5 முதல் 115.5 வரை கனமழை. 115.6 முதல் 204.4 வரை மிக கனமழை. அதற்கு மேல் அதி கனமழை.

இதில் மிதமான மழை என்ற சொல்லைக் கவனியுங்கள். 60 மி.மீ. பெய்தாலும் அதற்கு மிதம் என்றுதான் பெயர். ஒரு ஏக்கரில் 1 மி.மீ. மழை என்பது சுமார் 4,000 லிட்டர். 60 மி.மீ. என்றால் ஏக்கருக்கு 2 லட்சத்து 40 ஆயிரம் லிட்டர். தூர் கட்டும் பயிருக்கு அது வரம். பூத்து நிற்கும் பயிருக்கு மகரந்தத்தைக் கழுவிப் பதராக்கும். முற்றிய கதிருக்கு எமன். மழைக்குப் பெயர் வைக்கிறவருக்கு நம் பயிரின் வயசு தெரியாது. அதைச் சேர்த்துப் படிக்க வேண்டியது நாம்தான்.

மூன்றாவது, கடலில் உள்ளதன் பெயர். காற்றின் வேகம் மணிக்கு 31 கிலோமீட்டரைத் தொடும் வரை தாழ்வுப் பகுதி. 31 முதல் 49 வரை தாழ்வு மண்டலம். 50 முதல் 61 வரை ஆழ்ந்த தாழ்வு மண்டலம். 62ஐத் தொட்டால்தான் புயல், அப்போதுதான் பெயர் வைப்பார்கள். நம்மாளுங்க பெயர் வைத்தால்தான் பயப்படுகிறோம். 2023 பிப்ரவரியில் வந்தது பெயரில்லாத தாழ்வு மண்டலம். நெல்லை அடித்தது காற்று இல்லை, தண்ணீர். தண்ணீருக்குப் பெயர் தேவைப்படவில்லை.

செவ்வாய், வெள்ளி இரண்டு நாளும் வேளாண் வானிலை அறிக்கை வெளியாகிறது. மேகதூத் செயலியில் தமிழிலேயே பார்க்கலாம். அடுத்த ஐந்து நாளுக்கான மழை அளவு அதில் மில்லிமீட்டரில் இருக்கும். ஐந்தாம் நாள் கணக்கைவிட நாளைய கணக்கு நம்பகமானது. அதனால் ஒரு தடவை பார்த்துவிட்டு மூடி வைக்காமல் அறுப்புக் காலத்தில் தினமும் பாருங்கள்.

புனல், கேன், பால்புட்டி

அறிக்கை மாவட்டத்துக்கு வரும், வட்டாரத்துக்கு வரும். உங்கள் வயலுக்கு வராது. சீர்காழிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே 12 செ.மீ. வித்தியாசம் என்றால் உங்கள் ஊருக்கும் தாலுகா அலுவலக மழைமானிக்கும் எவ்வளவு இருக்கும்? அளந்தால்தான் தெரியும். அளப்பதற்குப் பெரிய செலவு இல்லை.

வாய் விட்டம் 11.3 செ.மீ. உள்ள பிளாஸ்டிக் புனல் ஒன்று. ஸ்கேலை வைத்துச் சரிபார்த்து வாங்குங்கள். அந்த வாயின் பரப்பு சரியாக 100 சதுர செ.மீ. அப்படியென்றால் புனல் வழியாகச் சேரும் ஒவ்வொரு 10 மில்லி தண்ணீரும் 1 மி.மீ. மழை. புனலை ஐந்து லிட்டர் கேனில் செருகி இடுக்கை அடையுங்கள். சின்ன கேன் வேண்டாம். சீர்காழியில் பெய்தது போலப் பெய்தால் 4.4 லிட்டர் சேரும், சின்னது வழிந்துவிடும். கேனைத் தரையில் பாதி புதைத்துப் புனலின் வாய் தரையிலிருந்து ஒரு அடி உயரத்தில் மட்டமாக இருக்கும்படி வையுங்கள். மரத்தடி, கூரை ஓரம் ஆகாது. மரம் எவ்வளவு உயரமோ அதைப்போல் இரண்டு மடங்கு தள்ளி இருக்க வேண்டும். அளக்கக் குழந்தைக்குப் பால் கொடுக்கும் புட்டியே போதும், மில்லி கோடு அதிலேயே இருக்கிறது.

தினமும் காலை 8.30க்கு அளந்து எழுதுங்கள். வானிலைத் துறையும் அதே நேரத்தில்தான் அளக்கிறது, அப்போதுதான் ஒப்பிட முடியும். மழை இல்லாத நாளில் சுழியம் போடுங்கள். பக்கத்திலேயே பயிர் எந்தப் பருவத்தில் இருக்கிறது, வயலில் எத்தனை விரற்கடை தண்ணீர் நின்றது, எத்தனை நாளில் வடிந்தது என்று ஒரு வரி. அந்த ஒரு வரிதான் முக்கியம். வெறும் மில்லிமீட்டர் எந்த அலுவலகத்திலும் கிடைக்கும். 40 மி.மீ. பெய்தால் உங்கள் கீழ மேனி வயல் வடிய மூன்று நாள் ஆகிறது என்ற செய்தி உங்கள் நோட்டில் மட்டும்தான் இருக்கும்.

குறிப்பேடு சொல்லும் யோசனை

மூன்று வருடம் எழுதினால் நோட்டு பேச ஆரம்பிக்கும். எனக்கு அது சொன்ன முதல் யோசனை, முழு வயலையும் ஒரே நாளில் அறுக்கும்படி வைக்காதே என்பது.

இப்போது மூன்று ஏக்கரையும் பிரித்திருக்கிறேன். ஒரு ஏக்கர் சீரகச் சம்பா, 130 நாள். செப்டம்பர் 1 விதைத்தால் ஜனவரி 9 வாக்கில் அறுப்பு. ஒரு ஏக்கர் தூயமல்லி, 140 நாள். செப்டம்பர் 5 விதைத்தால் ஜனவரி 23. ஒரு ஏக்கர் மாப்பிள்ளைச் சம்பா, 160 நாள். ஆகஸ்ட் 20 விதைத்தால் ஜனவரி 27. விதைக்கும் நாளிலேயே அறுக்கும் நாளை நாள்காட்டியில் வட்டம் போட்டுவிடுகிறேன். ஒரு மழை வந்தால் ஒரு பங்கு போகும், மூன்றும் போகாது. ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். நீண்டகாலச் சம்பா ரகங்கள் பலவும் பகல் குறைவதைப் பார்த்துப் பூக்கிறவை. அவற்றை ஒரு மாதம் தள்ளி விதைத்தாலும் அறுப்பு ஒரு மாதம் தள்ளாது, பயிரின் வயசுதான் குறையும், தூரும் குறையும். அந்தந்த ரகத்தை உங்கள் ஊரில் பத்து வருடம் போட்டவரைக் கேட்டுவிட்டு நாள் குறியுங்கள்.

இரண்டாவது, வடிகால். மழை வந்த பிறகு மண்வெட்டியோடு ஓடுவதில் பலனில்லை. அதற்குள் வெளி வாய்க்கால் நிரம்பி, தண்ணீர் நம் வயலுக்கே திரும்பும். புரட்டாசிக்குள் வடிவாய்க்காலில் ஆகாயத்தாமரையும் காட்டாமணக்கும் எடுத்திருக்க வேண்டும். தனி ஆள் வேலை இல்லை இது. மேல் வயல்காரர், கீழ் வயல்காரர் எல்லாரும் ஒரு நாள் கூடினால் முடிகிறது.

மூன்றாவது மானாவாரிக்காரர்களுக்கு. உங்கள் நோட்டில் மழை நாட்களைவிட மழைக்கு நடுவே விழும் இடைவெளியைப் பாருங்கள். 2.5 மி.மீ.க்குக் குறைந்த நாளை மழை நாளாக எண்ண வேண்டாம், வானிலைத் துறையும் எண்ணுவதில்லை. விதைத்த பிறகு உங்கள் மண் எத்தனை வறண்ட நாளைத் தாங்கும்? மூடாக்குப் போட்ட இடத்தில் எத்தனை, போடாத இடத்தில் எத்தனை? ஓர் அங்குல மழை ஏக்கருக்கு ஒரு லட்சம் லிட்டர் தண்ணீர். அதை மண்ணில் நிறுத்துவதா, ஓடவிடுவதா என்பது உங்கள் மண்ணில் இருக்கும் மக்கைப் பொறுத்தது. ரசாயனம் போட்டு இறுகிய மண்ணில் ஓடும், மண்புழு உழுத மண்ணில் இறங்கும். இதையும் நோட்டில் எழுதுங்கள். இயற்கை வேளாண்மையால் என்ன பயன் என்று கேட்கிறவருக்கு அந்தப் பக்கத்தைக் காட்டலாம்.

மரம் வைத்தவருக்கு

நெல் போனால் அடுத்த பட்டம் உண்டு. மரம் போனால்? 2011 டிசம்பர் 30 விடியலில் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரை ஏறியபோது பண்ருட்டிப் பக்கத்து முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்தன. 2018 நவம்பர் 16இல் கஜா. பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு பகுதியில் பிள்ளை மாதிரி வளர்த்த தென்னைகள் ஒரே இரவில் படுத்தன. நெட்டைத் தென்னை வைத்தால் காய்ப்புக்கு ஆறேழு வருடம் ஆகும். அந்த ஆறேழு வருட வருமானத்தை யார் தருவார்?

கஜாவுக்குப் பிறகு அந்த ஊர்களில் நடந்து போனவர்களுக்கு ஒரு காட்சி மறக்காது. தென்னை விழுந்த இடத்தில் பனை நின்றது. அதனால் தென்னையை விட்டுவிடு என்று சொல்லவில்லை. ஒரே மரத்தை மட்டும் நம்பாதே என்கிறேன். காற்று வரும் பக்கம் பனையும் மூங்கிலும் வேலியாகட்டும். மா, பலா, தேக்குக்கு ஐப்பசிக்கு முன்பே கனத்த கிளையைக் கழித்து, காற்று நுழைந்து போக வழி விடுங்கள். தென்னையில் முற்றிய குலைகளையும் காய்ந்த மட்டைகளையும் முன்கூட்டியே இறக்குங்கள். மழையில் ஊறி இளகிய மண்ணில் சாதாரணக் காற்றும் மரத்தைச் சாய்க்கும். எனவே தொடர்ந்து எத்தனை நாள் மழை பெய்தது என்ற கணக்கு மரக்காரருக்கும் வேண்டியதே.

கேட்க வேண்டியதைக் கேட்போம்

நாம் அளக்கிறோம் என்பதற்காக அரசு தன் வேலையை விட்டுவிட முடியாது. மாவட்டந்தோறும் உழவருக்கு வானிலை யோசனை எழுதித் தந்துகொண்டிருந்த 199 மாவட்ட வேளாண் வானிலை அலகுகளை நடுவண் அரசு 2024இல் மூடியது. பருவம் தடுமாறுகிற காலத்தில் மூட வேண்டிய கதவா அது? கிராமத்துக்கு ஒரு மழைமானி, ஊராட்சி அலுவலக வாசலில் அதைத் தினமும் எழுதிப் போட ஒரு கரும்பலகை, பயிரின் பருவத்தோடு சேர்த்துச் சொல்லும் எச்சரிக்கை. இது மூன்றையும் கிராம சபையில் தீர்மானமாகக் கொண்டு வருவோம். நிவாரணக் கணக்கு எடுக்க வருகிறவர் "உங்க ஊர்ல அவ்வளவு மழை இல்லையே" என்று சொல்லும்போது நம் நோட்டை எடுத்து முன்னால் வைப்போம். ஒருவர் நோட்டு என்றால் தட்டிவிடலாம். ஊரில் பத்துப் பேர் நோட்டு ஒரே எண்ணைச் சொன்னால் அவ்வளவு லேசாகத் தட்ட முடியாது.

2025 ஜனவரி மூன்றாம் வாரத்திலும் மழை வந்தது. சீரகச் சம்பா பொங்கலுக்கு முன்னாலேயே வீட்டுக்கு வந்துவிட்டது. தூயமல்லியில் கொஞ்சம் சாய்ந்தது. முதல் நாளே மடையை வெட்டிவிட்டதால் தண்ணீர் நிற்கவில்லை, முளைக்கவும் இல்லை. ஈர வயலில் இறங்க பெல்ட் வண்டி வைத்துத்தான் அறுக்க வேண்டியிருந்தது, கூலி கூடுதல். மாப்பிள்ளைச் சம்பாவில் ஒரு பகுதி போனது. நட்டமே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் 2023 மாதிரி வரப்பில் தலையில் கைவைத்து உட்காரவில்லை.

அன்று காலை பெரியப்பா வந்தார். "எவ்வளவுடா?" என்றார். நோட்டைப் பார்த்துச் சொன்னேன். தன் நாள்காட்டித் தாளை இடுப்பிலிருந்து எடுத்துப் பார்த்தார். "எனக்கு ரெண்டு மில்லி கூட. உன் புனல் சாஞ்சிருக்கும், போய்ப் பாரு" என்றார்.

போய்ப் பார்த்தேன். சாய்ந்துதான் இருந்தது.